டிஆர்எஸ் போட்டு முந்தினால் அது முந்தியதாகுமா?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். தலைப்பில் "டிஆர்எஸ் நல்லதா கெட்டதா" என்று போட்டிருக்கிறீர்கள். டிஆர்எஸ் என்றால் ஃபார்முலா 1 காரின் பின்னிறக்கையைத் திறந்து வேகம் கூட்டும் பட்டன். நடுவில் இருக்கும் விஷயம் வேறு. உங்கள் அப்பா மலேசியாவின் சிப்பாங் பந்தயத் தடத்தில் புல்மேட்டில் உட்கார்ந்து பந்தயம் பார்த்தவர். நீங்கள் 2019க்குப் பிறகு டிவியில் பார்க்கத் தொடங்கியவர். யாராவது முந்தும்போது நீங்கள் துள்ளுகிறீர்கள், அவர் தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே "முந்தியது பட்டன், ஆள் இல்லை" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா, அல்லது வயதானவர்களின் வழக்கமான புலம்பலா? கடைசியில், மோட்டார்சைக்கிள் பந்தயமான மோட்டோஜிபியில் இப்படி எதுவும் இல்லையே, அதுதான் சுத்தமான பந்தயமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டையும்தான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு வாகனப் பொறியியல் சொல்லிக்கொடுக்கிறேன். சிப்பாங்கில் பல வருடங்கள் தன்னார்வ மார்ஷலாகக் கொடி பிடித்தவன். விடிவதற்கு முன் பஸ் ஏறி, வெயிலில் ஆரஞ்சு உடுப்புக்குள் வெந்து, மழை வந்தால் நனைந்து, ஒரே ஒரு வளைவை மட்டும் நாள் முழுக்கப் பார்க்கும் வேலை அது. கைதட்டக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. ஆகவே பந்தயத்தின் முழுக் கதையும் வீட்டுக்கு வந்து மறுஒளிபரப்பு பார்த்த பிறகுதான் எனக்கே தெரியும். காற்றியக்கத்தில் நான் நிபுணன் இல்லை. இயந்திரம், டயர், பிரேக் பற்றிக் கொஞ்சம் உறுதியாகப் பேசுவேன். மற்றது பார்த்த அனுபவம்.

டிஆர்எஸ் ஏன் தேவைப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நீங்கள் கப்சாய், அதாவது சின்ன மோட்டார்சைக்கிள், ஓட்டியிருந்தால் பாதி புரிந்துவிடும். நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லாரியின் பின்னால் நேராகப் போனால் வண்டி தானாக இழுக்கப்படுவது போல லேசாக ஓடும். லாரி காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது, நமக்கு வேலை மிச்சம். அதே லாரியின் பக்கவாட்டுக்கு வந்ததும் காற்று நாலு பக்கமிருந்தும் அடித்து ஹேண்டில் ஆடும். பந்தயக் காரிலும் இதுதான். நேர்ப்பாதையில் பின்னால் வருபவருக்கு லாபம், வளைவில் நஷ்டம். ஃபார்முலா 1 கார் வளைவில் சாலையை இறுகப் பிடித்துக்கொள்வது, அதன் இறக்கைகளும் அடிப்பாகமும் காற்றைக் கொண்டு காரைக் கீழே அழுத்துவதால். முன்னால் போகிறவர் கலக்கிவிட்ட காற்று வந்தால் அந்த அழுத்தம் குறைகிறது, முன்சக்கரம் வழுக்குகிறது, வழுக்கினால் டயர் சூடாகிக் கெடுகிறது. 2022க்கான புதிய காரை அறிமுகப்படுத்தியபோது ஃபார்முலா 1 நிர்வாகமே ஒரு கணக்கு வெளியிட்டது: பழைய கார், முன்னவருக்கு 20 மீட்டர் பின்னால் 35 சதவீத அழுத்தத்தை இழந்தது, 10 மீட்டரில் 46 சதவீதம். பாதிப் பிடிமானம் போன காரில் எப்படி ஒருவர் வளைவுக்குள் ஒட்டிக்கொண்டு வந்து, அடுத்த நேர்ப்பாதையில் முந்துவார்?

அந்த நஷ்டத்துக்கு ஈடாக 2011 முதல் 2025 வரை கொடுத்ததுதான் டிஆர்எஸ். குறித்த கோட்டைக் கடக்கும்போது முன்னவருக்கும் உங்களுக்கும் ஒரு விநாடிக்குள் இடைவெளி இருந்தால், குறித்த நேர்ப்பாதையில் பின்னிறக்கையின் மேல்தகட்டைத் திறக்கலாம். தபால்பெட்டி மூடியைத் தூக்கியது போல இருக்கும். காற்றுத் தடை குறைந்து மணிக்குச் சுமார் 10, 12 கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைக்கும். பிரேக் மிதித்ததும் மூடிக்கொள்ளும். மழையில் கிடையாது. முன்னவருக்கும் கிடையாது, அவருக்கும் முன்னால் ஒரு விநாடிக்குள் இன்னொரு கார் இருந்தால் ஒழிய. இந்த "ஒழிய" முக்கியம், பிறகு வருகிறேன்.

இங்கே பலரும் நம்பும் ஒரு கதையைத் திருத்த வேண்டும். 2010 அபுதாபி பந்தயத்தில் ஓட்டுநர் அலோன்சோ, பெட்ரோவின் பின்னால் சுற்றுக்குமேல் சுற்றாக மாட்டிக்கொண்டு உலகப் பட்டத்தை இழந்தார், அதனால்தான் டிஆர்எஸ் வந்தது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, தேதி ஒத்துவரவில்லை. 2011இல் ஓட்டுநர் அசைக்கக்கூடிய பின்னிறக்கை வரும் என்று 2010 ஜூனிலேயே முடிவாகிவிட்டது, அபுதாபி நவம்பரில். அந்தப் பந்தயம் எதிர்ப்பாளர்களின் வாயைக் கொஞ்ச காலம் அடைத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். 2010இல் மெக்லாரன் குழு வேறொரு தந்திரம் வைத்திருந்தது, எஃப்-டக்ட் என்பார்கள். ஓட்டுநர் ஒரு துளையை உடம்பால் அடைத்தால் காற்று வேறு வழியாகப் போய்ப் பின்னிறக்கையைச் செயலிழக்க வைக்கும். மற்ற குழுக்களும் அவசர அவசரமாகக் காப்பியடித்தன. அடுத்த வருடம் அதைத் தடை செய்து, அதே காரியத்தைச் சட்டப்படி செய்ய டிஆர்எஸ்ஸைக் கொடுத்தார்கள்.

டிஆர்எஸ் களமிறங்கிய இரண்டாவது பந்தயம் நம் ஊரில்தான், சிப்பாங்கில், 2011 ஏப்ரல் 10. முன்னால் இருக்கும் பிரதான நேர்ப்பாதையில் மட்டும் அனுமதி. அன்று நடந்த ஒரு சம்பவத்தை என் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். அலோன்சோவின் காரில் டிஆர்எஸ் வேலை செய்யவில்லை. அவருக்கு முன்னால் ஹாமில்டன், டயர் தேய்ந்து தடுமாறிக்கொண்டிருந்தார். நேர்ப்பாதையில் பட்டனை அழுத்தித் தாண்டியிருக்க வேண்டிய அலோன்சோ, வழியில்லாமல் வேறு இடத்தில் முயன்று, முன்னிறக்கையை ஹாமில்டனின் பின்பக்கத்தில் உரசி உடைத்துக்கொண்டார். பந்தயம் முடிந்ததும் இருவருக்கும் 20 விநாடி தண்டனை: அலோன்சோவுக்கு இடித்ததற்கு, ஹாமில்டனுக்கு நேர்ப்பாதையில் ஒரு தடவைக்கு மேல் பக்கம் மாறித் தடுத்ததற்கு. இப்போது உங்கள் அப்பாவிடம் கேளுங்கள், அந்தப் பந்தயத்தில் எது ஞாபகம் இருக்கிறது என்று. அன்று திறந்த இறக்கையோடு நடந்த முந்தல்கள் எத்தனையோ, எனக்கு ஒன்றுகூட நினைவில் இல்லை. இறக்கை திறக்காததால் நடந்த இந்த ஒன்றுதான் நிற்கிறது.

இதை வைத்து டிஆர்எஸ் வீண் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. நினைவு ஒன்று, நியாயம் வேறு. இந்த இடத்தில்தான் ரசிகர்கள் பேச்சில் குழப்பம் அதிகம். "2011க்குப் பிறகு முந்தல்கள் எக்கச்சக்கமாகக் கூடின, எல்லாம் டிஆர்எஸ்" என்று ஒரு கூட்டம். கூடின என்பது உண்மை. ஆனால் அந்த வருடம் மூன்று மாற்றம் ஒன்றாக வந்தது. டிஆர்எஸ் ஒன்று. பிரிட்ஜ்ஸ்டோன் போய், வேண்டுமென்றே சீக்கிரம் தேயும்படி செய்யப்பட்ட பிரெல்லி டயர் வந்தது இரண்டு. 2009இல் வந்து 2010இல் காணாமல் போன கெர்ஸ், அதாவது பிரேக்கில் வீணாகும் ஆற்றலைச் சேமித்துச் சுற்றுக்கு ஆறேழு விநாடி 60 கிலோவாட் கூடுதலாகத் தரும் கருவி, திரும்பி வந்தது மூன்று. ஒரே சட்டியில் மூன்று மசாலா போட்டுவிட்டு எது காரம் என்று கேட்டால் என்ன சொல்வது? இதற்கு எதிர்ப்பக்கச் சாட்சியும் உண்டு. 2017இல் காரையும் டயரையும் அகலமாக்கினார்கள். டிஆர்எஸ் அப்படியே இருந்தது. முந்தல்கள் முந்தைய வருடத்தைவிடக் கிட்டத்தட்டப் பாதியாகின. ஆகவே எண்ணிக்கையைக் காட்டி டிஆர்எஸ்ஸைப் புகழ்வதும் திட்டுவதும் இரண்டுமே ஆட்டம் கண்ட வாதம்.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன். என் கருத்தை நேரடியாகவே சொல்கிறேன்: அவர் பட்டனை வெறுக்கவில்லை. பட்டன் ஒருவருக்கு மட்டும் இருப்பதைத்தான் வெறுக்கிறார், அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், பந்தயத்தில் கூடுதல் சக்தி தரும் கைப்பிடியும் பட்டனும் டிஆர்எஸ்ஸுக்கு முன்பே நிறைய வந்து போயிருக்கின்றன. பெரியவர்கள் யாரும் அவற்றைத் திட்டிக் கேட்டதில்லை. 1980களின் டர்போ கார்களில் ஓட்டுநரே அழுத்தத்தைத் திருகிக் கூட்டிக்கொண்டு முந்தலாம். எரிபொருளுக்கு அளவு வைத்திருந்ததால் இப்போது திருகியவர் கடைசிச் சுற்றுகளில் மெல்லப் போக வேண்டும். இன்று அதைப் பொற்காலம் என்கிறோம். 2005 முதல் 2009 வரை ஏ1 கிராண்ட் பிரீ என்று நாடுகளுக்கிடையிலான பந்தயம் நடந்தது, சிப்பாங்குக்கும் வந்தது. நம் அலெக்ஸ் யூங் அதில் மலேசியாவுக்காக வென்றும் காட்டினார். அந்தக் காரில் பவர்பூஸ்ட் பட்டன் இருந்தது, எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கை. முன்னால் போகிறவரும் அழுத்தலாம். புல்மேட்டில் யாரும் முகம் சுளித்ததாக எனக்கு நினைவில்லை, மலேசியக் கார் அழுத்தியபோது சுளிக்கவே இல்லை. அமெரிக்காவின் இண்டிகார் பந்தயத் தொடரில் இன்றும் "புஷ் டு பாஸ்" இருக்கிறது. ஒரு பந்தயத்துக்கு மொத்தம் 150 அல்லது 200 விநாடி, தடத்தைப் பொறுத்து. முந்தவும் பயன்படுத்தலாம், தற்காக்கவும் பயன்படுத்தலாம், தீர்ந்தால் தீர்ந்தது. 2024இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பந்தயத்தில் முதலிடம் வந்த நியூகார்டன், அனுமதியில்லாத நேரத்தில் அந்தப் பட்டன் அவர் காரில் வேலை செய்ததற்காகப் பிறகு தகுதி நீக்கப்பட்டார். ரசிகர்கள் கொதித்தது பட்டன் இருந்ததற்காக அல்ல, மற்றவர்களிடம் இல்லாத நேரத்தில் ஒருவரிடம் இருந்ததற்காக.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் என்னிடம் இரண்டு சின்ன அளவுகோல் மிஞ்சுகின்றன. எதிராளிக்கும் அது உண்டா? அதைப் பயன்படுத்த நான் ஏதாவது விலை கொடுக்கிறேனா? டிஆர்எஸ் இரண்டிலும் தோற்கிறது: எதிராளிக்கு இல்லை, எனக்குச் செலவும் இல்லை. மின்சாரக் கார் பந்தயமான ஃபார்முலா ஈயின் அட்டாக் மோட் இரண்டிலும் தேறுகிறது. எல்லோருக்கும் உண்டு, ஆனால் வேகமான கோட்டை விட்டு வெளியே போய், ஓரத்தில் போட்டிருக்கும் பகுதியைத் தொட்டு வந்தால்தான் சக்தி கிடைக்கும். அந்தச் சில நொடியில் இடம் போகலாம். எப்போது போவது என்பதே ஒரு சூது. வெளியிலிருந்து பார்த்தால் வீடியோ விளையாட்டு போலத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளே கணக்கு நியாயமானது.

அதே ஃபார்முலா ஈ இன்னொரு கூத்தும் செய்தது. 2014 நவம்பர் 22, புத்ராஜெயா. அந்தத் தொடர் பிறந்து நடந்த இரண்டாவது பந்தயமே நம்மிடம்தான். சாம் பேர்ட் வென்றார். அப்போது ஃபேன்பூஸ்ட் என்று ஒன்று இருந்தது. ரசிகர்கள் இணையத்தில் ஓட்டுப் போட்டு, அதிக ஓட்டு வாங்கிய மூன்று ஓட்டுநர்களுக்குச் சில விநாடி கூடுதல் சக்தி. என் மகள் ஒரு ஓட்டுநரின் பெயர் சொல்ல அழகாக இருந்ததற்காக ஓட்டுப் போட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கூட்டம் யாருக்குப் பின்னால் இருக்கிறதோ அவர் வேகமாகப் போகலாம் என்றால், திடலுக்குள் நடப்பதைப் பார்க்க நான் எதற்கு வர வேண்டும்? எட்டு வருடம் ஓட்டி, 2023இல் புதிய கார் வந்தபோது அதைக் கைவிட்டார்கள். எனக்குத் தெரிந்த வட்டத்தில் யாரும் அழவில்லை.

டிஆர்எஸ் கொன்றது எது என்று கேட்டால், முந்துவதை அல்ல, தடுப்பதை என்பேன். உங்கள் அப்பா 1999 அக்டோபரில் முதல் மலேசிய கிராண்ட் பிரீக்குப் போயிருந்தால், அன்று பார்த்தது முழுக்கத் தடுப்பாட்டம். கால் முறிந்து மூன்று மாதம் வீட்டிலிருந்த ஷூமாக்கர் அன்றுதான் திரும்பினார். முன்னால் போய், அணித்தோழர் இர்வினுக்கு வழிவிட்டு, பிறகு எதிரணி ஓட்டுநர் ஹக்கினெனைப் பின்னால் நிறுத்தி வைத்து விளையாடினார். இர்வின் வென்றார், ஹக்கினெனால் ஷூமாக்கரைத் தாண்டவே முடியவில்லை. சிப்பாங்கில் சுமார் 900 மீட்டருக்குக் குறையாத இரண்டு நேர்ப்பாதைகள் ஒன்றையொன்று முதுகு உரசிக்கொண்டிருக்கின்றன, நடுவில் 15ஆம் வளைவு மட்டும். அங்கே டிஆர்எஸ் இருந்திருந்தால் அந்த நாடகம் பத்துச் சுற்றுக்குள் முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான், நிரூபிக்க வழியில்லை. ஆனால் 2005 இமோலாவில் அலோன்சோ அதே ஷூமாக்கரைக் கடைசிவரை தடுத்து நின்றதை நினைத்துப் பாருங்கள். மெதுவான கார் வேகமான காரைத் தன் பின்னாலேயே வைத்திருந்ததுதான் அங்கே கலை. டிஆர்எஸ் காலத்தில் ஓட்டுநர்கள் கற்றுக்கொண்ட பாடம் வேறு: வேகமான கார் வந்தால் சண்டை போட்டு டயரைக் கெடுக்காதே, விட்டுவிடு. வளைவில் பத்துச் சுற்று உழைத்து எடுத்த இடத்தை நேர்ப்பாதையில் ஐந்து விநாடியில் பறிகொடுப்பது என்பது, கொடி பிடித்து நின்ற எனக்கே வயிற்றைக் கலக்கும்.

இதற்கு நேர் எதிரான காட்சியும் சிப்பாங்கிலேயே நடந்தது. 2016இல் ரிக்கார்டோவும் வெர்ஸ்டாப்பனும், ஒரே அணிக்காரர்கள், வளைவுக்குப் பின் வளைவாகப் பக்கத்துக்குப் பக்கம் போனார்கள். இறக்கையைத் திறக்க இடமில்லாத பகுதி அது. ரிக்கார்டோ விடவில்லை, பந்தயத்தையும் வென்றார். டிஆர்எஸ் இருந்த காலத்தில் நடந்த சண்டைதான், ஆனாலும் அதை எந்தப் பெரியவரும் போலி என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் அப்பா இதை அச்செடுத்துச் சட்டம் போட்டு மாட்டிவிடுவார். ஒரு விதி எவ்வளவு மட்டமாக இருந்தாலும் நல்ல ஓட்டுநர் அதற்குள் ஒரு கலையைக் கண்டுபிடித்துவிடுவார். 2023 சிங்கப்பூர் பந்தயத்தின் கடைசிச் சுற்றுகளைப் பாருங்கள். முதலில் சைன்ஸ், அடுத்து நோரிஸ், பின்னால் மெர்சிடிஸ் கார்களில், புது டயரில் பறந்து வரும் ரஸலும் ஹாமில்டனும். சைன்ஸ் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து நோரிஸை ஒரு விநாடிக்குள் வைத்துக்கொண்டார். எதற்கு? நோரிஸுக்கு டிஆர்எஸ் கிடைக்க. நோரிஸ் வேகமாக இருந்தால் பின்னால் வரும் மெர்சிடிஸ்கள் அவரைத் தாண்ட முடியாது, தாண்டாவிட்டால் தன்னிடம் வர முடியாது. நான் முன்பு சொன்ன அந்த "ஒழிய" இங்கே வேலை செய்தது. தன்னைத் துரத்துபவரின் கையில் கத்தியைக் கொடுத்து அவரையே காவலுக்கு நிறுத்தியது போல. ரஸல் கடைசிச் சுற்றில் சுவரில் மோதினார், சைன்ஸ் வென்றார். இது போலி என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்னொன்று 2022 ஜெட்டா: வெர்ஸ்டாப்பனும் லெக்லெர்க்கும் கடைசி வளைவுக்கு முன்னால், டிஆர்எஸ் யாருக்கு என்று முடிவாகும் கோட்டை யார் இரண்டாவதாகக் கடப்பது என்று போட்டி போட்டு இருவருமே பிரேக் மிதித்தார்கள். பந்தயத்தில் முன்னால் போகாமல் இருக்கச் சண்டை! புத்திசாலித்தனம் என்று சிரிப்பவரும் உண்டு, இதற்கா பந்தயம் என்று தலையில் அடித்துக்கொள்பவரும் உண்டு. நான் அந்த நேரத்தில் சிரித்தேன், மறுநாள் தலையில் அடித்துக்கொண்டேன்.

ரசிகர்களின் கருத்து எப்படி உருவாகிறது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. எங்கே உட்கார்ந்து பார்த்தோம் என்பது வயதைவிடப் பெரிய விஷயம். நேர்ப்பாதைக்கு எதிரே டிக்கெட் வாங்கியவருக்கு டிஆர்எஸ் முந்தல் என்பது ஒரு விசில் சத்தம், அவ்வளவுதான், வந்தது, போனது. வளைவில் நிற்பவருக்கு அதற்கு முந்தைய மூன்று சுற்றும் தெரியும்: பின்னவர் எப்படிக் கோட்டை மாற்றிப் பார்த்தார், எங்கே டயரை ஆறவிட்டார், கடைசியாக அந்த ஒரு விநாடிக்குள் நுழைய என்ன செய்தார் என்று. டிவி காட்டுவது பெரும்பாலும் இறக்கை திறந்த பிறகு. 2015இல் ஓட்டுநர் சங்கம் நடத்திய உலகளாவிய கருத்துக்கணிப்பில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் கலந்துகொண்டார்கள். ஃபார்முலா 1ஐ வர்ணிக்க அவர்கள் அதிகம் தேர்ந்தெடுத்த சொற்களில் "விலை அதிகம்", "தொழில்நுட்பம்" ஆகியவற்றோடு "சலிப்பு" என்பதும் இருந்தது. டிஆர்எஸ் வந்து நாலு வருடம் முடிந்த பிறகு! முந்தல் கூடினால் சலிப்பு குறையும் என்ற கணக்கு அவ்வளவு எளிதல்ல என்று எடுத்துக்கொள்ளலாம். அதேசமயம், மெனக்கெட்டு இணையத்தில் நீண்ட கேள்வித்தாளை நிரப்புகிறவர்கள் ஏற்கெனவே வலுவான கருத்து உள்ளவர்கள். மாமாக் கடையில் ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டே திரையை நிமிர்ந்து பார்க்கும் ஆளின் மனது அதில் பதிவாகாது. அந்த ஆள் யாராவது முந்தினால் "பார்டா!" என்பார். அவருடைய சந்தோஷத்தையும் போலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு சங்கடமான உண்மை: "இயற்கையான" பந்தயம் என்று நாம் நினைப்பதும் யாரோ வரைந்ததுதான். சிப்பாங் தானாக முளைத்த தடம் இல்லை. ஹெர்மன் டில்கே என்ற ஜெர்மானியர் 5.543 கிலோமீட்டரில் வரைந்தது. நீண்ட நேர்ப்பாதை, முடிவில் மிகக் குறுகிய வளைவு, மீண்டும் நீண்ட நேர்ப்பாதை என்ற அந்த அமைப்பே முந்துவதற்காகப் போட்டது. 15இல் தாண்டப்பட்டவர் 1ஆம் வளைவில் திருப்பிக் கொடுக்கலாம். அதையும் ஒரு செயற்கை உதவி என்று சொல்லலாமே? வித்தியாசம், அது இருவருக்கும் பொது. என் அளவுகோல் மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறது.

2026 விதிகளில் டிஆர்எஸ் என்ற பெயரே போய்விட்டது. முன்னிறக்கை, பின்னிறக்கை இரண்டுமே அசையும், குறித்த நேர்ப்பாதைகளில் எல்லோருக்கும், முன்னவர் பின்னவர் பேதமில்லாமல். இது நல்ல மாற்றம். முந்துவதற்கான சலுகை இப்போது மின்சாரத்தில் இருக்கிறது: மின்மோட்டாரின் சக்தி 350 கிலோவாட், மணிக்கு 290 கிலோமீட்டரைத் தாண்டினால் முன்னவருக்கு அது படிப்படியாகக் குறையும், ஒரு விநாடிக்குள் இருக்கும் பின்னவருக்கு 337 வரை முழுதாகக் கிடைக்கும். ஆகவே ஒருவருக்கு மட்டும் என்ற பழைய குறை பாதி அப்படியே இருக்கிறது. ஆனால் பேட்டரியில் இருப்பதைத்தான் செலவழிக்க முடியும் என்பதால் விலை என்ற ஒன்று உள்ளே வந்திருக்கிறது. முன்னவரும் தன் பேட்டரியைச் சேமித்து வைத்திருந்தால் எதிர்த்து நிற்கலாம். காகிதத்தில் பார்க்கும்போது டிஆர்எஸ்ஸைவிட என் அளவுகோலுக்கு நெருக்கம். அப்பாவுக்கு இதையும் சொல்லுங்கள், ஆனால் "350 கிலோவாட்" என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார், பேட்டரியிலிருந்து ஆரம்பியுங்கள்.

கடைசியாக மோட்டோஜிபி. பட்டன் இல்லை என்பது உண்மை. ஒரு விநாடி சலுகையும் இல்லை. அதனால் சுத்தம் என்று முடிவுகட்ட அவசரப்பட வேண்டாம். பைக்குகளிலும் இறக்கைகள் முளைத்த பிறகு அதே கலங்கிய காற்றுச் சிக்கல் அங்கேயும் நுழைந்துவிட்டது. இன்னொருவர் பின்னால் ஒட்டிப் போனால் முன்டயர் சூடாகி அழுத்தம் ஏறும், ஏறினால் பிரேக் பிடிக்கும்போது வழுக்கும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். வளைவிலிருந்து வெளியேறும்போது பைக்கின் பின்பக்கத்தைத் தாழ்த்தும் கருவி வேறு. எல்லோரும் ஒரே மாதிரி பாய்ந்து வெளியேறுவதால் தவறு செய்ய இடம் குறைகிறது, தவறு இல்லாவிட்டால் முந்தவும் இடமில்லை. 2027 விதிகளில் அந்தக் கருவியைத் தடை செய்து, இறக்கைகளைச் சுருக்கி, இயந்திரத்தையும் 1000 சிசியிலிருந்து 850க்குக் குறைக்கிறார்கள். ஃபார்முலா 1 நோய்க்கு மருந்து கொடுத்தது, மோட்டோஜிபி நோய் வந்த இடத்தையே வெட்டப் பார்க்கிறது. எனக்கு இரண்டாவது வழிதான் பிடித்திருக்கிறது. அடுத்த தடவை மோட்டோஜிபி சிப்பாங்குக்கு வரும்போது அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். 15ஆம் வளைவு தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள், தொப்பி மறக்காதீர்கள். முந்துகிற வண்டியைப் பார்க்காமல், முந்தவிடாமல் நிற்கிற வண்டியின் முன்சக்கரத்தை மட்டும் இரண்டு சுற்று பாருங்கள். அவர் எதைத் தொலைத்துவிட்டதாகச் சொல்கிறார் என்பது அங்கே தெரியும்.